எடை குறைந்த எதிராளி

அவர் தெருமுனையில் திரும்புவது தெரிந்தாலே கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். எடை, அளவு ஆய்வாளர். கிலோவுக்கு ஐந்து கிராம் குறைந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். வியாபாரிகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ‘தராசு’. அந்தப் பெயர் எப்படியோ வழி விசாரித்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்து, மனைவியின் வாயிலும் ஒட்டிக்கொண்டது. நேரில் ‘என்னங்க’ என்பாள். தம்பியிடம் போனில் பேசும்போது ‘தராசு’ என்பாள்.

அவளைத் தெருவில் டெய்லரம்மா என்றால்தான் தெரியும். வீட்டிலேயே தைக்கிறவள். கை சுத்தம், சொன்ன தேதிக்குத் துணி வரும்.

ஊரையே கிடுகிடுக்க வைத்த தராசு, தினமும் மாலை ஆறரை மணிக்குச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, தன் வீட்டு ஹாலிலேயே ஒரு டப்பாவிடம் உதை வாங்குவார். பெரிய பெட்டி மாதிரித் திரை, மஞ்சள் பாய்ந்த விசைப்பலகை, போட்டால் மாவு மெஷின் மாதிரிச் சத்தம். அதில் ஓடுவது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வருகிற அந்தக் காலத்து ஆபரேட்டிங் சிஸ்டம். அதற்குள் ஒரு செஸ் புரோகிராம். வேறு எதற்கும் அந்தக் கம்ப்யூட்டர் லாயக்கில்லை. அந்தப் புரோகிராமும் வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று வாழ்க்கைப்பட்டவை.

ஒரு நகர்வுக்கு ஒரு நிமிடம் யோசிக்கும் லெவலில்தான் தராசு ஆடுவார். அதைவிடக் கீழே இறங்கி ஆடுவது கௌரவக் குறைச்சல். பத்தொன்பது வருடமாக ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. நாலைந்து முறை டிரா செய்திருக்கிறார். அந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் நல்லவர்களாகத் தெரிவார்கள்.

டப்பா உட்கார்ந்திருந்த மேசைதான் டெய்லரம்மாவின் நெஞ்சில் தைத்த ஊசி. வீட்டிலேயே நீளமான மேசை அது, அதுவும் வெளிச்சம் கொட்டுகிற ஜன்னலோரத்தில். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், “இந்த மேசையைத் துணி வெட்டத் தருவீங்களா?” என்று கேட்டாள்.

“இதை ஒரே ஒரு தடவை ஜெயிச்சுடறேன். அன்னிக்கே காலி பண்ணித் தரேன்” என்றார் புது மாப்பிள்ளை.

ஒரு மாதம் ஆகும் என்று அவள் நினைத்தாள். அன்று முதல் இன்று வரை கட்டில்மேல் துணியை விரித்து, முட்டி போட்டு, மெத்தை பள்ளத்தில் கத்தரிக்கோல் இறங்காமல் பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. ஒரு பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்துக்கு நூற்றிருபது வெள்ளைக் கோட்டு தைக்கிற வேலை அவளைத் தேடி வந்திருந்தது. அவள் கைக்கு இதுவரை வராத அளவு. கொடுப்பதற்கு முன்னால் வேலை நடக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார் அங்கே பொருட்களை வாங்கும் கண்காணிப்பாளர் அம்மாள்.

“வெட்டுற மேசை இருக்கில்ல?” என்று போனில் கேட்டார். “கட்டில்ல, தரையில வெட்டுறவங்ககிட்ட நாங்க குடுக்கறதில்லை. போன தடவை நூறு கோட்டும் ஒரு பக்கம் இறங்கி வந்துச்சு.”

“இருக்கு மேடம்” என்றாள் டெய்லரம்மா. பொய் இல்லை. மேசை இருக்கத்தான் செய்தது. அதன்மேல் என்ன இருக்கிறது என்று அந்த அம்மாள் கேட்கவில்லை.

வருகிற திங்கள் இல்லை, அதற்கடுத்த திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி போனை வைத்துவிட்டார்.

டெய்லரம்மா தம்பியைக் கூப்பிட்டாள். அவன் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்பவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் ஆனபிறகும் அக்கா கூப்பிட்டால் வண்டியைத் திருப்பிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். டப்பாவின் மூடியைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, அதிலிருந்த எல்லாவற்றையும் பிரதி எடுத்து, மதியத்துக்குள் தராசின் போனுக்குள் இறக்கிவிட்டான்.

“மாமா, உங்க கம்ப்யூட்டரை உங்க சட்டைப்பையில போட்டுட்டேன். எடை சரியா இருக்கா பாருங்க.”

தராசு போனை வாங்கிப் பார்த்தார். அதே கறுப்புத் திரை. அதே வெள்ளை எழுத்து. அதே செஸ் கட்டம், கட்டைவிரல் அகலத்தில்.

“இது எப்படி மாப்ளே? அது இல்லாம இது ஓடாதுன்னு நீதானே சொன்னே?”

“ஓடாதுதான். அதனால போனுக்குள்ள எமுலேட்டர்னு ஒண்ணு போட்டிருக்கேன். அது ஒரு நடிகன் மாமா. பழைய கம்ப்யூட்டர் வேஷம் கட்டிக்கிட்டு நிக்கும். அந்த சிஸ்டம் அதை நம்பிக்கிட்டு, நாம இன்னும் டப்பாவுக்குள்ளதான் இருக்கோம்னு சமத்தா வேலை செய்யும்.”

“அப்போ போலி.”

“உங்களுக்கு எதைப் பார்த்தாலும் கேஸ் எழுதத் தோணுது.”

“அதைச் சொல்லலை. இதுல ஜெயிச்சா அது ஜெயிச்சதா ஆகுமா, அதைச் சொல்லு.”

துணி மடித்துக்கொண்டிருந்த டெய்லரம்மா தலையைத் தூக்காமல், “ஏன் ஆகாது? அதே புரோகிராம், அதே லெவல், தோக்கப்போறதும் அதே ஆளு” என்றாள்.

தராசு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு யோசித்தார். ஆபீஸில் தீர்ப்புச் சொல்லும்போது வைத்துக்கொள்ளும் முகம். “சரி. கணக்குல சேரும்” என்றார்.

அவர் பால்கனிக்குப் போனபிறகு, அக்கா போனை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். “இது என்னடா, கோடும் அதுமேல புள்ளியும்?”

“அது வேகம்க்கா. அதைத் தொடாதே. புள்ளியை இடது பக்கம் இழுத்தா உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் மந்தமாயிடும். ஒரு நிமிஷத்துல யோசிக்க வேண்டியதுல பாதி கூட யோசிக்காது. மாமாவே ஜெயிச்சுடுவாரு.”

“அப்படியா” என்றாள் அக்கா. தையல் மெஷினின் நூல் இறுக்கத்தைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருப்பவளிடம் சொல்கிற வார்த்தையா ‘தொடாதே’ என்பது?

ஆனால் அவளும் உடனே தொட்டுவிடவில்லை. திங்கட்கிழமை பொறுத்தாள். தராசு தோற்றார். செவ்வாய்க்கிழமை பொறுத்தாள். இருபத்திரண்டே நகர்வில் தோற்றார். அப்படிக் கையடக்கமாக, பால்கனி நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு தோற்க முடிந்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட வந்துவிட்ட மாதிரி இருந்தது. “வசதியாத்தான் இருக்கு” என்றார். ஆனாலும் மேசையைப் பற்றி அவரும் பேசவில்லை, டப்பாவும் நகரவில்லை. கேட்டதற்கு, “ஜெயிக்கணும்ல” என்றார்.

புதன்கிழமை அவர் குளிக்கப் போன நேரத்தில் டெய்லரம்மா போனை எடுத்து, புள்ளியை இடது கோடிக்கு இழுத்தாள்.

அன்று மாலை ஏழாவது நகர்வில் அந்தச் செஸ் புரோகிராம் தன் ராணியைக் கொண்டுவந்து தராசின் சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில் நிறுத்தியது.

“இங்க வா” என்று கூப்பிட்டார். “இதுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“எதுக்கு?”

“ராணியைச் சும்மா குடுக்குது. இதுல ஏதோ சூழ்ச்சி இருக்கு.” அரை மணி நேரம் சூழ்ச்சியைத் தேடினார். கிடைக்கவில்லை. பயந்துபோய் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, போனை அணைத்துப் போட்டுவிட்டார். “இப்படி ஜெயிச்சா ஜெயிச்ச மாதிரியே இல்லை.”

டெய்லரம்மா புரிந்துகொண்டாள். ரவிக்கையை ஒரேயடியாகத் தளர்த்திவிட்டால் போடுகிறவளுக்கே சந்தேகம் வரும். கொஞ்சம் பிடிக்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் புள்ளியை வலது பக்கமாக ஒரு இழை நகர்த்தினாள். பார்த்தாள். இன்னும் அரை இழை.

அன்று மாலை ஆட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. தராசு நகத்தைக் கடித்தார். எழுந்து நடந்தார். ஒரு குதிரையை இழந்து, ஒரு யானையைப் பிடித்து, நாற்பத்தொன்றாவது நகர்வில், திரையில் ‘நீங்கள் வென்றீர்கள்’ என்று அர்த்தம் வருகிற ஆங்கில வரி ஒன்று வந்தது. பத்தொன்பது வருடத்தில் அவர் பார்த்திராத வரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“வந்துடுச்சு” என்றார்.

டெய்லரம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு சந்தோஷப்படுவார் என்று தெரிந்திருந்தால் இன்னும் அரை இழை ஏற்றி, கொஞ்சமாவது நிஜமாக ஜெயிக்க விட்டிருக்கலாமே என்று தோன்றியது. அதற்குள் அவர் திரையைப் படம் பிடித்து, ஆபீஸ் முழுக்க அனுப்பிவிட்டார். “ஞாயித்துக்கிழமை மேசையைக் காலி பண்ணிடறேன். உன் தம்பியையும் வரச் சொல்லு, தூக்க ஆள் வேணும்” என்றார். கேட்காமலேயே சொன்னார்.

வெள்ளிக்கிழமை தராசு வீட்டுக்கு வந்தபோது சட்டையைக் கழற்றவில்லை. கையில் ஆபீஸ் பை. அதிலிருந்து ஒரு ஸ்டாப்வாட்சை எடுத்து மேசைமேல் வைத்தார். டப்பாவைப் போட்டார். போனையும் அதன் பக்கத்தில் வைத்தார்.

கட்டில்மேல் துணி வெட்டிக்கொண்டிருந்த டெய்லரம்மாவுக்குக் கத்தரி பாதி வழியில் நின்றது.

“படத்தைப் பிரிண்ட் போட்டு மாட்டலாம்னு பெரிசு பண்ணிப் பார்த்தேன்” என்றார் தராசு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கீழ ஓரத்துல ஒரு நம்பர் வரும். நகர்த்தறதுக்கு முன்னாடி எத்தனை நிலையை யோசிச்சுப் பார்த்துச்சுங்கற கணக்கு. இந்த டப்பாவுல எப்பவும் நாப்பதாயிரத்துக்கு மேல இருக்கும். படத்துல ஐயாயிரத்து அறுநூறு.”

“ஓஹோ.”

“ஒரு நிமிஷம்னு போர்டு மாட்டியிருக்கு. உள்ள சரக்கு எட்டு செகண்டுக்குத்தான் இருக்கு.”

ஸ்டாப்வாட்சை அழுத்தினார். இரண்டிலும் ஒரே நேரத்தில் முதல் நகர்வை ஆடிவிட்டுக் காத்திருந்தார். ஒரு நிமிடம் முடிந்தது. டப்பா நாற்பத்திரண்டாயிரம் காட்டியது. போன் ஆறாயிரத்தைத் தாண்டவில்லை. ஒரு தாளில் இரண்டையும் எழுதி, அடியில் கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

“இந்தக் கடை யாரோடது?” என்று கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. “என்னோடதுதான்.”

“எத்தனை நாளா நடக்குது?”

“புதன்கிழமையிலேருந்து.”

“அந்த ராணி?”

“அன்னிக்குக் கொஞ்சம் அதிகமா இழுத்துட்டேன். கைப்பழக்கம் இல்லை.”

தராசு நாற்காலியில் உட்கார்ந்தார். “முப்பது வருஷமா ஊர்ல ஒருத்தனை விட்டதில்லை. என் வீட்டு ஹால்லயே எனக்கு எடை குறைச்சுப் போட்டிருக்கா. ஆபீஸ்ல தெரிஞ்சா படிக்கல்லை எடுத்து என் தலையிலயே போடுவாங்க.”

“நீங்க குறைச்சது கொஞ்சமா?” என்றாள் டெய்லரம்மா. “ஒரு தடவை ஜெயிச்சுட்டுத் தரேன்னீங்க. பத்தொம்பது வருஷமா முட்டி போட்டு வெட்டறேன். திங்கக்கிழமை அந்த அம்மா வராங்க. மேசை இருக்குன்னு சொல்லியிருக்கேன். இல்லைன்னா அந்த வேலை வேற எங்கயோ போயிடும். அதுக்கு எந்தப் படிக்கல்லு வெச்சு நிறுப்பீங்க?”

தராசு கட்டிலைப் பார்த்தார். வெட்டிய துணி ஒன்றின் ஓரம் மெத்தை அமுங்கிய இடத்தில் லேசாக வளைந்திருந்தது. அளவு தெரிந்த கண் அது. பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். “ஜெயிச்சது செல்லாது” என்றார் எழுந்துகொண்டே. “எமுலேட்டரைச் சரியா நிறுத்தணும். டப்பா எவ்வளவு யோசிக்குதோ அவ்வளவுதான் போனும் யோசிக்கணும். அதுக்கு டப்பா வேணும். மூலம் இருந்தாத்தான் நகலைச் சரிபார்க்க முடியும். அதனால இனிமே அதை வெளிய போடறதுங்கற பேச்சே கிடையாது.”

டெய்லரம்மா கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

செய்தி கேட்டுத் தம்பி போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தான். “டப்பாவைத் தூக்கச் சொன்னா, அதுக்கு உத்தியோக உயர்வு வாங்கிக் குடுத்திருக்கியேக்கா.”

“சிரிக்காதேடா. எனக்குப் பத்திக்கிட்டு வருது.”

“தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னே. அதனாலதான் தெரிஞ்சுது அங்கதான் தொடணும்னு.”

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்தான், டப்பாவைத் தூக்க அல்ல, எமுலேட்டரின் வேகத்தைச் சரிசெய்ய. மாமாவும் மாப்பிள்ளையும் மேசைமுன் உட்கார்ந்தார்கள். டெய்லரம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். கழுத்தில் டேப் தொங்கியது. தராசு ஸ்டாப்வாட்சை அழுத்துவார். ஒரு நிமிடம் மூச்சுக் காட்டாமல் இருப்பார்கள். பிறகு இரண்டு எண்களையும் படிப்பார்கள்.

“முப்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம் ஏத்து மாப்ளே.”

“நாப்பத்தஞ்சு ஆயிடுச்சு மாமா.”

“இறக்கு. வியாபாரிக்கும் நஷ்டம் வரக்கூடாது.”

பதினோராவது தடவை இரண்டும் நாற்பத்திரண்டாயிரத்தில் ஏறக்குறைய ஒன்றாக வந்து நின்றன. தராசு திருப்தியாகத் தலையாட்டினார். ஒரு வெள்ளைத் தாளைக் கத்தரித்து, அதில் ‘மூல அளவு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, தேதி போட்டு, டப்பாவின் நெற்றியில் ஒட்டினார்.

டெய்லரம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா? உங்க ஆபீஸ்லயும் மூலப் படிக்கல்லு இருக்குமில்ல?”

“இல்லாம? அதை வெச்சுத்தானே ஊர்ப் படிக்கல்லையெல்லாம் சோதிக்கிறோம்.”

“அதை எங்க வெச்சிருப்பீங்க?”

கேட்டவளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் தராசுக்கு எப்போதுமே ஒரு உற்சாகம். “வெல்வெட் வெச்ச மரப்பெட்டியில. பெட்டி பீரோவுக்குள்ள. பீரோவுக்கு ரெண்டு சாவி, ஒண்ணு என்கிட்ட.”

“மேசைமேல வெச்சுக்கிட்டு தினமும் புழங்கினா என்ன?”

“என்ன கேள்வி இது? தேஞ்சு போயிடாதா? மூலத்தை யாரும் தினமும் தொடக்கூடாது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து, நகலைச் சரிபார்த்து, உடனே உள்ள வெச்சுப் பூட்டி...”

அங்கே நின்றார். அவர் பார்வை டப்பாவின் நெற்றியில் ஒட்டியிருந்த தன் கையெழுத்துக்குப் போயிற்று. தம்பி அவசர அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பித் தெருவை வேடிக்கை பார்த்தான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

“பீரோல என் புடவை இருக்கிற கீழ்த் தட்டைக் காலி பண்ணி வெச்சிருக்கேன்” என்றாள் டெய்லரம்மா. “வெல்வெட்டும் இருக்கு. நீல கலர். பரவாயில்லையா?”

தராசு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இறக்கினார். மறுபடி ஏற்றினார்.

“சாவி?”

“உங்ககிட்டயே ஒண்ணு இருக்கட்டும்.”

“மாப்ளே,” என்றார் தராசு, “அந்தப் பக்கம் பிடி. கனமா இருக்கும்.”

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கண்காணிப்பாளர் அம்மாள் வந்தார். ஒல்லியான, சிரிப்பைச் சேமித்து வைக்கிற ஆள். ஜன்னலோரத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. தராசு அரை நாள் லீவு போட்டுவிட்டு, பால்கனி நாற்காலியில் போனும் கையுமாக இருந்தார்.

அம்மாள் மேசையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. “எத்தனை அடி நீளம்?”

“ஆறடி மேடம்.”

“அஞ்சடி பதினொண்ணே முக்கால் இன்ச்” என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது.

டெய்லரம்மாவுக்கு அந்தப் போனைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசலாம் போல் இருந்தது. அம்மாள் பால்கனிப் பக்கம் எட்டிப் பார்த்தார். “யார் அவங்க?”

“என் வீட்டுக்காரர். எடை, அளவு ஆய்வாளர். அவரால சும்மா இருக்க முடியாது மேடம்.”

“கால் இன்ச் குறைஞ்சாச் சொல்லிடுவாரா?”

“காலா? நூல் குறைஞ்சாலே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவாரு.”

அம்மாள் சேமித்து வைத்திருந்த சிரிப்பில் கொஞ்சம் செலவழித்தார். “போன தடவை தைச்சவங்க வீட்ல இப்படி ஒருத்தர் இருந்திருக்கலாம். முதல்ல இருபது தைச்சு அனுப்புங்க. சரியா இருந்தா மீதி நூறும் உங்களுக்குத்தான். அளவுத்தாள் நாளைக்கு வரும்.”

வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு டெய்லரம்மா திரும்பி வந்தாள். மேசையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பால்கனிக்குப் போனாள். இரண்டு வார்த்தை திட்டவா, இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லவா என்று அவளுக்கே தெரியவில்லை.

“என்னங்க...”

தராசு போனிலிருந்து கண்ணெடுக்காமல் ஒரு விரலை உயர்த்தினார். “இரு இரு, அது யோசிக்குது” என்றார். “இந்தத் தடவை நாப்பத்திரண்டாயிரமும் முழுசா.”

அவள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நிமிடம் முடிந்தது. போனுக்குள் இருந்த டப்பா, நிதானமாக வந்து, அவருடைய குதிரையை எடுத்துக்கொண்டு போயிற்று.